வேண்டுதல் அவளுடையது, கால் என்னுடையது

உன் உடம்பில் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் முதல்முதலில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அன்று காலை என் உடம்பின் மேலேயே அரை வீசைச் சர்க்கரை இருந்தது. தலைமயிரில், காது மடலில், வேட்டி மடிப்பில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளைச் சர்க்கரை வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் அதை அஸ்கா என்போம். மூட்டைகள் கிடங்குக்கு வந்ததும் குத்தூசியால் குத்தி, ஈரம் பட்டிருக்கிறதா, கடல் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். குத்தூசி என்பது முழ நீளத்தில் ஒரு இரும்பு. முனை கூர், உடம்பெல்லாம் பள்ளம். மூட்டையின் விலாவில் செருகித் திருப்பினால் ஒரு பிடி அஸ்கா உள்ளங்கையில் வழியும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், விரலால் நசுக்க வேண்டும், நாக்கில் வைக்க வேண்டும். உப்புக் கரித்தால் மூட்டையைத் தனியே தள்ள வேண்டும். மூன்றில் கடைசி வேலையை மட்டும் நான் ரொம்பச் சிரத்தையாகச் செய்வேன். உப்புக் கரிக்காத மூட்டையையும் சந்தேகப்பட்டு இரண்டாம் முறை நக்குவேன். அவ்வளவு நாணயமான உத்தியோகஸ்தன்.

எனக்கு அப்போது நாற்பது வயது. நல்ல தொந்தி. அப்பா விட்டுப்போன ஒரே சொத்து அதுதான் என்று தடவிக் காட்டுவேன். திடீரென்று அந்தச் சொத்து கரைய ஆரம்பித்தது. அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்கவில்லை. தாகம் வேறு. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். குடித்ததையெல்லாம் கிடங்கின் பின்சுவரில் கொண்டுபோய்க் கொட்டினேன். ஒருநாள் மேஸ்திரி அந்தச் சுவர்ப்பக்கம் போய்விட்டு வந்து, மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் கேட்கக் கூவினான்.

"இன்னா நைனா, நீ போற எடத்துல எறும்பு ஊர்கோலம் போய்க்கினு கீது? மடியில கட்டிக்கினு போனா கேட்டுல புடிப்பாங்கன்னு, வயித்துல கட்டிக்கினு போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் நான். சிரித்து முடித்ததும் போய்ச் சுவரைப் பார்த்தேன். எறும்புகள் இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அடுத்த நாள் ராயபுரத்தில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போனேன்.

அந்த டாக்டர் ஒல்லியான மனிதர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கம்பவுண்டர் ஒருதரம் பார்த்ததாகச் சொல்வான், அவன் பொய்யன். டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் என்னிடம் வாங்கிய தீர்த்தத்தைச் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"நீலமாவே இருந்தா உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். இது செங்கல்" என்றார்.

"செங்கல்னா வூடு கட்டலாமா சார்?"

"சமாதி கட்டலாம்."

அவருக்கும் நகைச்சுவை உண்டு என்று அன்றே தெரிந்துகொண்டேன். ஆனால் முகத்தில் அது தெரியாது. பிறகு என் சாப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார். சோறு, இட்லி, ஆப்பம், பழையது, எந்த வேஷத்தில் வந்தாலும் அரிசி கூடாது. வெல்லம், வாழைப்பழம், மாம்பழம், கிழங்கு, இவற்றை நினைக்கவும் கூடாது. கீரை தின்னலாம். புடலங்காய், பாகற்காய், கத்தரிக்காயை மூன்று தடவை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்து, மூன்று தடவையும் வடித்துக் கொட்டிவிட்டு, மிச்சம் ஏதாவது இருந்தால் அதைத் தின்னலாம். மீனும் முட்டையும் உண்டு. வெண்ணெய் எடுத்த மோர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றும் கிடையாது, பால் விடாத தேத்தண்ணீர்தான்.

"ஞாயித்துக்கெழமை மட்டும் ஒண்ணும் கெடையாதா? மத்த நாள்ல என்னமோ கீது மாதிரி சொல்றீங்களே சார்" என்றேன்.

"சீமையிலேருந்து ஊசி மருந்து வந்திருக்கு. உன் சம்பளத்துக்கு அது வராது. உனக்கு மருந்து உன் தட்டுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் பெண்டாட்டி எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். காசிமேட்டுக் கரையில் மீன் எடுத்துத் தலைக்கூடையில் வைத்து ராயபுரத்துத் தெருக்களில் விற்று வந்தாள். டாக்டர் சொன்னதை நான் பாதி கேலியாகச் சொன்னேன். அவள் முழுதும் நிஜமாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாளே அரிசிப் பானையைக் கவிழ்த்துவைத்தாள். கூடையில் விற்கவேண்டிய நல்ல சங்கரா மீன் எனக்கு வந்தது. மூன்று தண்ணீர் வடித்த புடலங்காயும் வந்தது. அதை வாயில் போட்டால், வாயில் ஒன்றும் இல்லை என்பதே இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன், அவளும் அதையேதான் தின்றுகொண்டிருந்தாள்.

"நீ இன்னாத்துக்குமே இதத் துன்ற? நோவு எனக்குத்தானே? நீ சோறாக்கித் துன்னு."

"நீ எதுக்கால குந்திக்கினு பாத்துக்கினு இருப்பே. எனக்குத் தொண்டையில எறங்குமா?"

பிறந்ததிலிருந்து அவள் வயிற்றில் சோறுதான் விழுந்தது. பழைய சோறும் கருவாடும் தின்றுவிட்டுத்தான் கூடையைத் தூக்குவாள். அந்த மனுஷி கீரையைத் தின்றுவிட்டு வெயிலில் நடந்தாள். ஆறு மாதத்தில் கழுத்தெலும்பு வெளியே வந்துவிட்டது. கீழே ஒரு பெண், மேலே ஒரு கூடை என்று இருந்தது போய், கூடைக்குக் கீழே ஏதோ ஒரு குச்சி நடந்து வருகிற மாதிரி ஆயிற்று. பக்கத்து அறைக்காரி ஒருநாள் கேட்டே விட்டாள்: "யக்கா, சக்கர நோவு உனுக்கா, அண்ணனுக்கா?"

எனக்குத்தான். ஆனால் அண்ணன் நன்றாகத்தான் இருந்தான். ஏனென்றால் அண்ணனிடம் குத்தூசி இருந்தது. காலையில் வாயை மூடிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புவேன். கிடங்கு வாசலில் மூட்டை வாசனை அடித்ததும் உத்தியோக தர்மம் வந்துவிடும். சோதனைக்கு ஒரு சிட்டிகை. சந்தேகத்துக்கு ஒரு சிட்டிகை. சந்தேகம் தீர்ந்த சந்தோஷத்துக்கு ஒரு பிடி. இதைத் தின்கிறது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை; வேலை என்றே நினைத்தேன். அவள் என் நோய்க்குப் பத்தியம் இருந்தாள். நான் அவளுடைய பத்தியத்தை நம்பிச் சர்க்கரை தின்றேன்.

சனிக்கிழமைதோறும் டாக்டரிடம் தீர்த்தக் குப்பி கொண்டுபோக வேண்டும். வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டும் கிடங்கில் நாக்கைக் கட்டிப்போடுவேன். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படிக்கிறவனுடைய புத்தி. குழாயில் செங்கல் வராது, பச்சை வரும். டாக்டர் "பரவாயில்லை" என்பார். நான் பச்சையாய் வந்த சேதியை வீட்டில் வந்து சொல்வேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அப்போது எனக்கே நான் தேறிவருகிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் கிடங்கில் மூட்டை அடுக்கின் மேல் நின்று குத்திக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து மேஸ்திரி கத்தினான். "யோவ், ரத்தம்! அஸ்காவெல்லாம் கலீஜாவுதுய்யா!" குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சாக்குகளின் மேல் சிவப்புச் சிவப்பாகக் காலடி. நல்ல சகுனம் மாதிரி ஒரே ஒரு காலின் அடி மட்டும், வலது. திருப்பிப் பார்த்தால் உள்ளங்காலில் ஒரு ஆணி, தலை மட்டும் வெளியே தெரிய, சுகமாக இறங்கியிருந்தது. எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது. எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலி இல்லை.

"காலா, தேக்குக் கட்டையா?" என்றான் மேஸ்திரி. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

டாக்டருக்குப் பெருமை வரவில்லை. கண்ணை மூடச் சொன்னார். ஒரு குண்டூசியை எடுத்துக் கால்விரல்களில் குத்தி, "எந்த விரல், சொல்லு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உத்தேசமாக, "கட்டை விரல்" என்றேன். "சுண்டு விரல்" என்றேன். "எதிர்வீட்டுக்காரன் விரல்" என்றேன். கண்ணைத் திறந்தபோது குண்டூசி குதிகாலில் நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பிடுங்கிவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"இதைக் கேட்டுக்கோ. இந்த வியாதி முதல்ல காலைத்தான் தின்னும். உன் காலுக்கு வலி தெரியாது. புண் ஆனாத் தெரியாது, அழுகினாத் தெரியாது. நீ அரிசியும் சர்க்கரையும் தின்னத் தின்ன அந்தப் புண் ஆறாது. அப்புறம் அறுக்கிறதுதான். இந்தக் கால் இருக்கணுமா போகணுமா, ரெண்டுல ஒண்ணு, உன் வாய்தான் தீர்மானம் பண்ணணும்."

கால் போனால் மூட்டை மேல் ஏற முடியாது. மூட்டை மேல் ஏற முடியாதவனுக்குத் துறைமுகத்தில் என்ன வேலை? அன்றைக்குக் கொஞ்சம் பயந்தேன். ஆணிப் புண் ஆறுகிற வரைக்கும், ஒன்றரை மாதம், கிடங்கில் நிஜமாகவே விரலால் மட்டும் சோதித்தேன். புண் ஆறிற்று. பயமும் ஆறிற்று.

ஆனால் என் பெண்டாட்டிக்குப் பயம் ஆறவில்லை. ஆணிக் கதை கேட்ட வாரமே அவள் பிறந்த குப்பத்துக்குப் போய்விட்டு வந்தாள். நெற்றியில் அம்மன் குங்குமம்.

"ஆடியில எங்க அம்மாவுக்குத் தீ மிதிக்கிறதா வேண்டிக்கினு வந்துட்டேன்யா. சக்கர எறங்கிடும்."

"நல்லது மே. பாத்து மிதி. பொடவையத் தூக்கிக் கட்டிக்க."

"எங்க குப்பத்துல பொம்பளைங்க மிதிக்கிறதில்ல. நீதான் மிதிக்கணும்."

வேண்டுதல் அவளுடையது, கால் என்னுடையது. பெண்டாட்டி புருஷனுக்காகத் தன் தாலியை வேண்டிக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். புருஷனுடைய உள்ளங்காலை எடுத்துக் காணிக்கை வைத்தவள் இவள்தான். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் விரதத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். காப்புக் கட்டினால் பத்து நாள் கோயில் பந்தலில்தான் படுக்கை. மீன் கூடாது. முட்டை கூடாது. கசப்புப் பதார்த்தம் எதுவும் பந்தலுக்குள் வரக் கூடாது. பகலில் ஒருவேளை பச்சரிசிப் பொங்கல். தாகத்துக்கு வெல்லப் பானகம். ராத்திரிக்கு வாழைப்பழம். இடையில் அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து ஏற்றுகிற மாவிளக்கு. திரி அணைந்ததும் விரதக்காரர்களுக்கே அது பிரசாதம்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பக்தி வந்துவிட்டது.

சனிக்கிழமை டாக்டரிடம் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"தீயா? அந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"எனக்குத்தான் சுடாதே சார்."

"சுடாது. சுட்டா ஓடுவே, தப்பிச்சுப்பே. சுடாததுதான் உன் வியாதி. அதுலயும் பத்து நாள் அரிசியும் வெல்லமும் தின்னுட்டுப் போய் மிதிக்கப்போறே!"

"சாமி காரியம் சார்."

"சாமிக்கு உன் மூத்திரத்தைக் காய்ச்சிப் பாக்கத் தெரியாது. உன் பெண்டாட்டிகிட்டச் சொல்லு, வேற ஏதாவது வேண்டிக்கட்டும். மொட்டை போடு. உருளு. தீ கூடாது. நான் கூடாதுன்னு சொன்னேன்னு சொல்லு."

வீட்டுக்கு வந்தேன். அவள் வாசல் கல்லில் உட்கார்ந்து வாய் திறந்தபடி என் முகத்தைப் பார்த்தாள். "டாக்டரு இன்னா சொன்னாரு?"

"நல்லா மிதிச்சுட்டு வரச் சொன்னாரு" என்றேன்.

இந்த ஒரு பொய்க்கு நான் எந்தச் சாக்கும் வைத்திருக்கவில்லை. அந்த நிமிஷத்தில் என் கண்ணுக்கு முன்னால் அம்மன்கூட இல்லை. மாவிளக்குத்தான் இருந்தது.

காப்புக் கட்டிய பத்து நாளும் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாள்கள். மஞ்சள் வேட்டி, கழுத்தில் வேப்பிலை மாலை. கடற்காற்று அடிக்கிற பந்தலில் உட்கார்ந்து சொம்பு சொம்பாகப் பானகம் குடித்தேன். எல்லாரும் பொங்கலில் ஒரு கை எடுத்தால் நான் மூன்று கை எடுத்தேன். மற்ற விரதக்காரர்கள் இளைத்தார்கள். பூசாரி என்னைக் காட்டி, "இவர மாதிரி பயபக்தியா விரதம் இருக்கணும். ஒரு சொட்டு மிச்சம் வெக்கறாரா பாரு" என்றார். உண்மை அதுதான். பிறந்ததிலிருந்து ஒரு பத்தியத்தையும் ஒழுங்காக இருக்காதவன், பத்து நாள், ஒரு மீன் முள்கூடத் தொடாமல், சொன்னதைச் சொன்னபடி தின்றேன். வாழ்நாளில் நான் சுத்தமாகக் கடைப்பிடித்த ஒரே பத்தியம் அது. என் பெண்டாட்டி தினம் காலையில் வந்து பந்தலுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள். நான் குடித்த தண்ணீருக்கும் எழுந்து எழுந்து போனதற்கும் கணக்கே இல்லை. கண் மங்கலாகத் தெரிந்தது. அம்மன் அருள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் குண்டம் இறங்கினோம். சவுக்குக் கட்டையும் புளியங்கட்டையும் எரிந்து, சிவப்பாய்ச் சமமாய்ப் பரப்பியிருந்தது. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் ஓடினார்கள். பறை அடிக்கிறது, ஜனங்கள் கத்துகிறார்கள், ஒவ்வொருவனும் நாலு எட்டில் பறந்து அந்தப் பக்கம் பால் குழியில் விழுகிறான். என் முறை வந்தது. காலை வைத்தேன். ஒன்றுமே இல்லை. வெயிலில் காய்ந்த மணலில் நடக்கிற மாதிரிகூட இல்லை. பாய் விரித்த தரை.

அங்கேதான் என் குணம் வந்தது. ஓடுகிறவனுக்கு என்ன மரியாதை? நான் நடந்தேன். ஊர்வலத்தில் போகிற மாப்பிள்ளை மாதிரி நடந்தேன். ஜனங்கள் பேச்சு மூச்சற்றுப் போனதைக் கவனித்ததும் எனக்கு இன்னும் குஷியாகிவிட்டது. நடுக் குண்டத்தில் நின்றேன். கூட்டத்தில் என் பெண்டாட்டி கைகூப்பி அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துத் திரும்பி, கப்பல் துரைக்குப் போடுகிற சலாம் ஒன்று போட்டேன். "அம்மா! தாயே!" என்று குப்பமே கத்திற்று. அப்போது எங்கேயோ கருவாடு சுடுகிற வாசனை வந்தது. எவன் இந்த நேரத்தில் விரதத்தைக் கெடுக்கிறான் என்று கோபத்தோடு நாலு பக்கமும் பார்த்தேன். யாரும் சுடவில்லை. நான்தான்.

அது தெரியாமல் மெதுவாக நடந்து கரை ஏறினேன். பெண்கள் வந்து காலில் விழுந்தார்கள். குழந்தைகளைக் கொண்டுவந்து என் பாதத்தில் கிடத்தினார்கள். மஞ்சள் பூசினார்கள். ஒரு கிழவி காலைத் தொட்டுவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய்விட்டாள்.

மறுநாள் காலையில் என் பெண்டாட்டி மஞ்சளைக் கழுவத் தண்ணீர் ஊற்றினாள். இடது காலில் கொப்புளம்தான். வலது காலில் மஞ்சளோடு தோலும் வந்தது, வாழைப்பூ மடல் வருகிற மாதிரி. அவள் சொம்பைக் கீழே போட்டாள்.

"வலிக்குதா?"

"வாயில ரெண்டு மாவிளக்கு போடு, சொல்றேன்."

பூசாரி குண்டத்துச் சாம்பலையே அள்ளிக் கொடுத்து, அப்பச் சொன்னார். அப்பினோம். மூன்று நாள் அப்பினோம். மூன்று நாளும் பிரசாதம் வந்துகொண்டே இருந்தது. தீயில் நின்று சலாம் போட்டவனுக்குக் குப்பத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சர்க்கரைப் பொங்கல். நான்காம் நாள் விரல்கள் கறுத்தன. ஐந்தாம் நாள் ஜுரம். அவள் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு எண்ணூரில் ரயிலேற்றினாள். வண்டியில் நல்ல கூட்டம். திருவொற்றியூர் வருவதற்குள் எங்கள் பெஞ்சு காலியாகிவிட்டது. மீன் கூடைகளுக்கு நடுவே வாழ்ந்த ஜனங்கள், என் நாற்றம் தாங்காமல் எழுந்து நின்றுகொண்டு வந்தார்கள்.

டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்தார். குழாய் காய்ச்சவே இல்லை. என்னைத் திட்டவும் இல்லை. என் பெண்டாட்டியைப் பார்த்து, "நான் தீ மிதிக்கக் கூடாதுன்னு அவ்வளவு சொல்லி அனுப்பினேனேம்மா. நீயாவது தடுத்திருக்க வேண்டாமா?" என்றார்.

அவள் டாக்டரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் கம்பவுண்டரைப் பார்த்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதம். பிறகு, சில்லறையாக எடுப்பதில் பிரயோஜனமில்லை என்று, கணுக்காலுக்கு மேலே நான்கு விரல்கடை விட்டு மொத்தமாக எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கிறவனிடம், "எனக்கு எதுக்கு? சும்மாவே அறுங்க, வலிக்காது" என்றேன். அவன் சிரித்தான். கத்தி மேலே ஏற ஏற வலி தெரிகிற இடம் வந்துவிட்டது என்று எழுந்தபோதுதான் தெரிந்தது. பதினைந்து நாள் கத்தினேன்.

அப்போது குப்பத்திலிருந்து பூசாரியும் என் மைத்துனனும் பார்க்க வந்தார்கள். நலம் விசாரிக்க இல்லை, பஞ்சாயத்துக்கு.

"அம்மா யாரையும் சும்மா சுட மாட்டா. விரதத்துல பழுது இருக்கணும்" என்றார் பூசாரி. "இவரு சுத்தம். நானே கண்ணால பார்த்தேன். அப்போ..."

மீதியை அவர் சொல்லவில்லை. என் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். மைத்துனன் சொன்னான்: "இவதான் தெனம் பந்தலண்ட வந்து நிப்பா. எந்தத் தீட்டோட வந்து நின்னாளோ. ஊர்ல அப்படித்தான் பேசிக்கினு கீறாங்க. இனிமே கோயிலண்ட வரவாணாம்னு சொல்லச் சொன்னாங்க."

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அவள் என்னையே பார்த்தாள். ஒரு வாக்கியம் போதும். 'டாக்டர் கூடாதென்றார், நான்தான் மறைத்தேன்' என்று சொல்ல நான்கு மூச்சுக்கூட ஆகாது. நான் சொன்னது இது: "அம்மாவுக்கு ஒத்தக் காலு போதும்னு தோணிச்சி. ரெண்டும் கேட்டிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்?"

பூசாரி சிரித்தார். மைத்துனன் சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரன்கூடச் சிரித்தான். அவள் தன் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தானாகவும் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றினாள் என்று அப்போது நினைத்தேன். அவள் அதைக் கணக்கில் சேர்த்துவைத்தாள் என்பது பின்னால் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். மேஸ்திரி வந்தான். மொட்டைக் காலைப் பார்த்து உச்சுக் கொட்டினான். நல்லவன்தான். ஆறுதல் சொல்லத் தெரியாமல், தெரிந்ததைச் சொன்னான்.

"உன் எடத்துக்கு வேற ஆளப் போட்டாச்சு, நைனா. வேலையில புலி. ஆனா உன்னாண்ட இருந்த குஷி இல்ல. அவன் வெரலாலதான் பாக்கறான். நீ இருந்தப்போ மூட்டைக்கு ஒரு பிடி வாயில போடுவியே, நாங்க பந்தயமே கட்டுவோம், இன்னிக்கி நைனா அரை வீசையா முக்கால் வீசையான்னு. இப்ப கெடங்கே பேஜாராக் கீது."

அவள் அடுப்பண்டை உட்கார்ந்து பாகற்காய் அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மணைச் சத்தம் நின்றது. மேஸ்திரி போகிற வரைக்கும் நின்றபடியே இருந்தது. நான் ஒரு கேலி தேடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் அகப்படவில்லை.

"எத்தினி நாளா?" என்றாள்.

நான் ஊன்றுகோலை எடுத்துத் துடைத்தேன்.

"நான் கீரையத் துன்னுக்கினு கூடை தூக்கின அத்தினி நாளுமா?"

அன்று மத்தியானம் உலை வைத்தாள். ஒன்றரை வருஷம் கழித்து எங்கள் வீட்டில் சோறு கொதிக்கிற வாசனை. வடித்து, வஞ்சிரக் குழம்பு ஊற்றி, எனக்கு எதிரில் காலை மடக்கி உட்கார்ந்து, நிதானமாகப் பிசைந்து தின்றாள். எனக்கு முன்னால் மூன்று தண்ணீர் வடித்த பாகற்காய். அவள் என்னைப் பார்க்காமல் தின்றிருந்தால் தாங்கியிருப்பேன். பார்த்துக்கொண்டே தின்றாள். தொண்டையில் நன்றாக இறங்கிற்று.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவள் கழுத்தெலும்பு மறைந்தது, கன்னம் வந்தது. என் உடம்பிலும் சர்க்கரை இறங்கிற்று. டாக்டர் குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இப்படியே இரு என்றார். வேறு எப்படி இருப்பது?

சும்மா இருந்துவிடவில்லை, முயற்சி செய்தேன். அவள் கூடையோடு கிளம்பியதும் ஒருநாள், பானையில் ஒரு கவளமாவது மிச்சம் இருக்கும் என்று, ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தேன். நாங்கள் குடியிருந்த ஸ்டோரில் ஒரே கூரைக்குக் கீழ் ஆறு குடித்தனம், நடுவில் வெறும் தட்டிச் சுவர், தரை சிமிட்டி. ஊன்றுகோல் ஒரு தடவை 'டொக்' என்றது. இரண்டாவது தடவை 'டொக்' என்றது. மூன்றாவதற்குள் பக்கத்து அறைக்காரியின் குரல் வந்தது.

"அண்ணே! அடுப்பங்கரைப் பக்கமா போற சத்தம் கேக்குது. அக்கா சொல்லிட்டுப் போயிருக்கு, சத்தம் வந்தா கூவச் சொல்லி."

"தண்ணி குடிக்கப் போறேம்மா."

"தண்ணி உன் தலைமாட்டுல சொம்புல கீதாம். அதையும் சொல்லிட்டுத்தான் போயிருக்கு."

அதற்கு அடுத்த அறையிலிருந்து இன்னொருத்தி, "இன்னா, கெளம்பிட்டாரா?" என்று கேட்டாள். அதற்கும் அடுத்த அறையில் யாரோ சிரித்தார்கள்.

திரும்பி இரண்டு டொக்கில் என் பாய்க்கு வந்து உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரைக் குடித்தேன்.